பெப்டைடு குடித்தால் கல்லீரல் கொழுப்பு குறையுமா? ஒரு விவாத இழை

வாசகர் ஒருவர், 4 செப்டம்பர் 2025

எனக்கு எடை அதிகம். ஸ்கேனில் கல்லீரலில் கொழுப்பு என்று வந்திருக்கிறது. உணவுப் புரதத்தை வெட்டி எடுக்கும் பெப்டைடுகள், அதாவது சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு துண்டுகள், இந்தக் கொழுப்பைத் தடுக்கும் என்று ஆய்வில் நிரூபித்துவிட்டார்கள். இயற்கையானது, பக்க விளைவும் இல்லை. அப்படியிருக்க மருத்துவர்கள் ஏன் ‘எடையைக் குறை, எடையைக் குறை’ என்று ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்?

என் பதில், 4 செப்டம்பர், இரவு

நிரூபித்தார்கள், சரி. யாருடைய கல்லீரலில்?

நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை சுண்டெலிக் கல்லீரலைப் பற்றியவை. கலோரியில் 60 சதவீதம் கொழுப்பாக உள்ள தீவனத்தை வாரக்கணக்கில் கொடுப்பார்கள். கூடவே பெப்டைடைக் குழாய் வழியாக வயிற்றில் இறக்குவார்கள். கடைசியில் கல்லீரலைச் சீவிச் சாயமேற்றிப் பார்த்தால், பெப்டைடு பெற்ற எலியிடம் கொழுப்புத் துளிகள் குறைந்திருக்கும். படம் பளிச்சென்று இருக்கும். எலிகளுக்கு நல்ல காலம் பிறந்துவிட்டது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

வேடிக்கை பார்ப்பவனாக இதை எழுதவில்லை. என் ஸ்கேன் அறிக்கையிலும் அதே வரிதான் இருக்கிறது. என் மேசை இழுப்பறையிலும் ஒரு பெப்டைடு டப்பா இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு.

6 செப்டம்பர்

‘ஒரே பாட்டு’ என்று மருத்துவரைக் குறை சொல்வதற்கு முன்னால், கல்லீரலுக்குள் கொழுப்பு எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள். 2005 இல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. உடல் பருமனும் கொழுப்புக் கல்லீரலும் உள்ளவர்களுக்கு, தடம் அறியக்கூடிய ஐசோடோப்பு கலந்த மூலக்கூறுகளைக் கொடுத்து, பிறகு கல்லீரலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். அங்கிருந்த டிரைகிளிசரைடில், அதாவது சேமித்த கொழுப்பில், 59 சதவீதம் இரத்தத்தில் மிதந்து வந்த கொழுப்பு அமிலங்களிலிருந்து வந்தது. அதாவது, பெரும்பாலும் உடலின் கொழுப்புத் திசு கசியவிட்டது. 26 சதவீதம் சர்க்கரை, மாவுச்சத்து போன்றவற்றிலிருந்து கல்லீரலே புதிதாகத் தயாரித்தது. உணவில் கொழுப்பாகவே வந்தது வெறும் 15 சதவீதம்.

எண்ணெயை மட்டும் குறைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர் அந்த 15 உடன் மல்லுக்கட்டுகிறார். எடையைக் குறை என்று சொல்பவர் 59 ஐக் கைகாட்டுகிறார். பெப்டைடு கட்டுரைகள் அதிகம் பேசுவது 26 ஐப் பற்றி. கொழுப்புத் தயாரிப்பை முடுக்கும் எஸ்ஆர்இபிபி-1சி என்ற புரதம் அடங்குகிறது, ஏஎம்பிகே என்ற நொதி விழித்துக்கொள்கிறது என்று எழுதுவார்கள். ஏஎம்பிகே விழித்தால் கொழுப்புத் தயாரிப்பின் முதல் படியில் உள்ள நொதி முடங்கும். கொழுப்பு அமிலங்களை எரிக்க உயிரணுவின் உலையான மைட்டோகாண்ட்ரியாவின் கதவும் திறக்கும். இந்த வழிமுறை உண்மைதான், அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கசிவு அப்படியே இருக்க, தயாரிப்பை மட்டும் அடக்கி எவ்வளவு தூரம் போக முடியும்?

8 செப்டம்பர்

ஒரு பெப்டைடை எடுத்துப் பிரித்தே பார்த்துவிடுவோம். உருளைக்கிழங்குப் புரதத்தை அல்கலேஸ் என்ற நொதியால் வெட்டி, அதில் கிடைத்த பத்து அமினோ அமிலத் துண்டு ஒன்றை வைத்துத் தைவான் ஆய்வாளர்கள் தொடர்ந்து எலி ஆய்வுகள் செய்துவருகிறார்கள். அதன் வரிசை: அஸ்பார்டிக் அமிலம், ஐசோலூசின், லைசின், திரியோனின், அஸ்பராஜின், லைசின், புரோலின், வாலின், ஐசோலூசின், ஃபினைல்அலனின்.

இப்போது இதை விழுங்குங்கள். சிறுகுடலில் டிரிப்சின் என்ற செரிமான நொதி காத்திருக்கிறது. அது லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் அடுத்து வெட்டும். ஆனால் அடுத்து நிற்பது புரோலினாக இருந்தால் பொதுவாக வெட்டாது. எனவே மூன்றாவது இடத்து லைசினில் வெட்டு விழும். ஆறாவது இடத்து லைசின், பக்கத்தில் புரோலின் நிற்பதால் தப்பிக்கும். பத்து, மூன்றும் ஏழுமாக உடையும். இதற்கு மேல் குடல் சுவரின் நொதிகள் முனைகளிலிருந்து கொறிக்கத் தொடங்கும். குடல் சுவரில் பெப்ட்-1 என்ற வாயில் ஒன்று உண்டு. 1994 இல் முயலின் குடலில் அதன் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அது இரண்டு அல்லது மூன்று அமினோ அமிலங்கள் உள்ள துண்டுகளைத்தான் உள்ளே விடும். மூன்று நுழையலாம். ஏழும் பத்தும் அந்த வாசலில் நிற்க வேண்டியதுதான்.

அப்படியானால் எலியின் கல்லீரலில் வேலை செய்தது எது? முழுப் பத்தா, மூன்றா, ஏழா, அல்லது எல்லாம் உதிர்ந்த பிறகு மிஞ்சிய அமினோ அமிலங்களா? எனக்கு வேண்டிய பதில் இதுதான். பல கட்டுரைகளில் இந்தக் கேள்வியே கிடையாது.

8 செப்டம்பர், பின்னிரவு

‘அப்படியென்றால் எல்லாமே உதிர்ந்து வீண்தானே’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவசரப்படாதீர்கள். ஜெலட்டினை வெட்டிக் கிடைக்கும் புரோலின்-ஹைட்ராக்சிபுரோலின் என்ற இரட்டைத் துண்டு, குடித்த ஓரிரு மணி நேரத்தில் மனித இரத்தத்தில் நன்றாகவே தென்படுகிறது. நொதிகளுக்கு அது பிடி கொடுப்பதில்லை. பால் புரதத்திலிருந்து வரும் ஐசோலூசின்-புரோலின்-புரோலின் என்ற முத்துண்டும் முழுதாக இரத்தத்துக்கு வருகிறது. ஆனால் அளவு பல ஆயிரம் மடங்கு குறைவு. புரோலின் இருந்தால் ஆயுள் கொஞ்சம் கெட்டி.

இரத்தத்தில் தென்படுவது வேறு, கல்லீரலில் வேலை செய்வது வேறு. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

11 செப்டம்பர்

டப்பா கதை. அலுவலக நண்பர் ஒருவர் அக்கறையோடு வாங்கிக் கொடுத்தது. ‘நீராற்பகுத்த புரதப் பெப்டைடு, கல்லீரல் நலத்துக்கு’ என்று முகப்பில் கொட்டை எழுத்து. கரைத்துக் குடித்தால் இனித்தது, அதுவும் திகட்டும் அளவுக்கு.

இங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. வெட்டிய புரதம் கசக்கும். முழுப் புரதத்தில் உள்ளே மடிந்து ஒளிந்திருக்கும் லூசின், ஃபினைல்அலனின் போன்ற நீர் வெறுக்கும் அமினோ அமிலங்கள் வெட்டியதும் வெளியே வந்து, நாக்கின் கசப்பு உணரிகளில் நேராகப் போய் உட்காரும். ஒரு கட்டம் வரை, எவ்வளவு நுணுக்கி வெட்டுகிறார்களோ, பெரும்பாலும் அவ்வளவு கசப்பு. உணவுத் தொழிலில் இது பழைய தலைவலி. அப்படியானால் இது எப்படி இனிக்கிறது? டப்பாவைத் திருப்பினேன். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் உட்பொருள் பட்டியல்: முதலில் மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் பொடி), இரண்டாவது சர்க்கரை, மூன்றாவதாகத்தான் புரதம். பட்டியலில் முதலில் வருவதுதான் எடையில் அதிகம்.

முகப்பில் கல்லீரல் படம், உள்ளே கல்லீரல் கொழுப்புக்கு வேண்டிய மூலப்பொருள். மேலே சொன்ன 26 சதவீதத் தயாரிப்புக்குச் சர்க்கரைதான் சரக்கு. 2019 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கொழுப்புக் கல்லீரல் உள்ள பதின்வயதுச் சிறுவர்கள் 40 பேரில் ஒரு பாதிக்கு 8 வாரம் சேர்க்கைச் சர்க்கரையை ஏறக்குறைய முழுதாக நிறுத்தினார்கள். அவர்களின் கல்லீரல் கொழுப்பு 25 சதவீதத்திலிருந்து 17 ஆக இறங்கியது. வழக்கம்போல் சாப்பிட்ட மற்றப் பாதியில் 21 இலிருந்து 20. எந்தப் பொடியும் கரைக்காமல்.

12 செப்டம்பர்

எந்த நிறுவனம் என்று கேட்டு வரிசை கட்டாதீர்கள். சொல்ல மாட்டேன். உங்கள் டப்பாவைத் திருப்புங்கள், போதும்.

15 செப்டம்பர்

‘பெப்டைடால் கொழுப்புக் கல்லீரலைக் குணப்படுத்தவே முடியாது என்கிறீர்களா?’ இல்லை, முடியும். மனிதரில் காட்டியும் இருக்கிறார்கள். அந்தப் பெப்டைடின் பெயர் செமாக்ளூடைடு. 31 அமினோ அமிலங்கள். கல்லீரல் அழற்சியும் மிதமானது முதல் முற்றியது வரையிலான தழும்பும் உள்ளவர்களுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு போன மாதம்தான் அதை அனுமதித்தது. 72 வாரம் வாரம் ஒரு ஊசி போட்டவர்களில் 62.9 சதவீதத்தினருக்கு, தழும்பு மோசமாகாமல் அழற்சி நீங்கியது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 34.3.

இந்த ஒரு பெப்டைடை உடம்புக்குள் உயிரோடு வைக்க என்ன பாடுபட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நம் குடலே சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனின் சாயலில் செய்தது இது. அசல் ஜிஎல்பி-1 இரத்தத்தில் இரண்டு நிமிடத்தில் பாதியாகிவிடும். டிபிபி-4 என்ற நொதி அதன் தலையைக் கிள்ளிவிடும். அதனால் கிள்ளும் இடத்தில் இருந்த அமினோ அமிலத்தை மாற்றினார்கள். இரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ள ஒரு நீண்ட கொழுப்பு அமில வாலையும் கட்டினார்கள். அப்போதுதான் ஆயுள் ஒரு வாரத்துக்கு நீண்டது. அதையே நீரிழிவுக்கு மாத்திரையாக்கியபோது? வயிற்றில் காப்பாற்றவும் சுவர் தாண்ட வைக்கவும் தனி வேதிப்பொருள் சேர்த்தார்கள். வெறும் வயிற்றில், 120 மில்லிக்கு மேல் போகாத தண்ணீரில் விழுங்க வேண்டும். பிறகு அரை மணி நேரம் வேறு எதுவும் கூடாது. இத்தனைக்குப் பிறகும் உள்ளே சேர்வது ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

இத்தனை கவசத்தோடு போனதற்கே இந்தக் கதி. வெறும் கையோடு, மால்டோடெக்ஸ்ட்ரினில் மிதந்து போகும் துண்டுக்கு?

16 செப்டம்பர்

மருந்தையும் உணவையும் ஒப்பிடுவது நியாயமில்லை என்று மூன்று நான்கு பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். ஒருவர் கேட்டது உறைத்தது: ‘உள்ளே போனால்தான் வேலை செய்யுமா?’

நல்ல கேள்வி. இரவு முழுவதும் இதே நினைப்பு. செமாக்ளூடைடே கல்லீரல் உயிரணுக்களைத் தொட்டு வேலை செய்வதாகத் தெரியவில்லை. அந்த உயிரணுக்களில் அது வந்து ஒட்டுவதற்கான ஏற்பி இல்லை அல்லது இல்லாதது மாதிரிதான். பசி, எடை, இன்சுலின், இவற்றின் வழியாகச் சுற்றி வந்து கல்லீரலை அடைகிறது. அந்த ஆய்வில் ஊசி போட்டவர்கள் எடையில் 10 சதவீதத்துக்குச் சற்று மேல் இழந்தார்கள். தொலைவிலிருந்தே ஒரு பெப்டைடு இவ்வளவு செய்யுமென்றால், குடலைத் தாண்டாத பெப்டைடும் குடலிலிருந்தபடியே ஏதாவது செய்யக்கூடும்.

செய்கிறது என்பதற்குத் தடயமும் உண்டு. குடல் சுவரில் ஆங்காங்கே ஹார்மோன் சுரக்கும் உயிரணுக்கள் இருக்கின்றன. புரதத் துண்டுகள் பட்டால் அவை கோலிசிஸ்டோகைனினையும் ஜிஎல்பி-1 ஐயும் வெளியிடுகின்றன. வயிறு நிறைந்த உணர்வு வருகிறது. சோயாவில் செரிக்காமல் மிஞ்சும் பெரிய துண்டுகள் பித்த அமிலங்களைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு போகின்றன என்று ஜப்பானியர்கள் எலிகளில் பல காலம் முன்பே காட்டியிருக்கிறார்கள். இந்த வழிகளில் ஒன்றுக்குக்கூடப் பெப்டைடு இரத்தத்துக்குள் நுழைய வேண்டிய கட்டாயமில்லை.

எனவே 8 ஆம் தேதிக் குறிப்பில் நான் வைத்த கேள்வியை விரித்துக்கொள்கிறேன். எந்தத் துண்டு பிழைத்தது என்பதோடு, எங்கே நின்று வேலை செய்தது என்றும் கேட்க வேண்டும். ஆனால் வேலை குடலிலேயே நடக்கிறதென்றால் இன்னொரு சிக்கல் வருகிறது. சாதாரணப் புரதம் செரிக்கும்போது குடலில் உண்டாவதும் பெப்டைடுதானே? மணிமாலையைக் கொடுத்தால் குடலே அறுத்துக்கொள்ளும்; அறுத்த மணிகளை டப்பாவில் அடைத்துத் தனியாக விற்பது எதற்கு?

20 செப்டம்பர்

புரதத்துக்கு மனித ஆய்வு இருக்கிறதா என்று கேட்டவர்களுக்கு. இருக்கிறது, பெரிதாக இல்லை. உடல் பருமனான பெண்கள் 11 பேர் தினம் 60 கிராம் மோர்ப் புரதத்தை நான்கு வாரம் எடுத்துக்கொண்டார்கள். கல்லீரல் கொழுப்பு சுமார் 21 சதவீதம் குறைந்தது. ஒப்பிட்டுப் பார்க்க மாற்றுக் குழு இல்லை. 2017 இல் ஜெர்மனியிலிருந்து வந்தது கொஞ்சம் கனமானது. நீரிழிவும் கொழுப்புக் கல்லீரலும் உள்ள 37 பேர். கலோரியில் 30 சதவீதம் புரதம். ஒரு குழுவுக்கு விலங்குப் புரதம், இன்னொன்றுக்குத் தாவரப் புரதம். ஆறே வாரத்தில் கல்லீரல் கொழுப்பு 36 முதல் 48 சதவீதம் சரிந்தது. எந்தப் புரதம் என்பது பெரிதாகப் பொருட்படவில்லை.

இதைத்தான் பெப்டைடு பக்தர்கள் கவனிக்க வேண்டும். அமினோ அமில வரிசைதான் மந்திரம் என்றால், விலங்குக்கும் தாவரத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டாமா? புரதம் கூடியபோது தட்டில் மாவுச்சத்து குறைந்தது என்பதையும் மறக்கக் கூடாது. எது எதன் இடத்தைப் பிடித்தது என்று பார்க்காமல் எந்த உணவு ஆய்வையும் படித்துப் பயனில்லை.

21 செப்டம்பர்

எலி, மனிதர் வித்தியாசத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை: கார்னோசின். இறைச்சியில் இருக்கும் இரட்டைத் துண்டு. எலிகளில் கல்லீரலுக்கு நல்லது என்று கட்டுரைகள் உண்டு. நம் இரத்தத்தில் அதை உடைக்கவே கார்னோசினேஸ் என்ற நொதி ஓடிக்கொண்டிருக்கிறது. எலி இரத்தத்தில் அந்த நொதி இல்லை. அதே துண்டு அங்கே உலா வருகிறது, இங்கே வந்த வேகத்தில் உடைகிறது.

27 செப்டம்பர்

குளூட்டதயோன் ஒரு முத்துண்டு, அதை மனிதருக்கே கொடுத்துச் சோதித்தார்களே என்று நினைவூட்டியவருக்கு நன்றி. ஆம், ஜப்பானில். தினம் 300 மில்லிகிராம், நான்கு மாதம், ஏஎல்டி (கல்லீரல் பாதிப்பைக் காட்டும் இரத்த நொதி அளவு) குறைந்தது. ஆனால் மாற்றுக் குழு கிடையாது, எல்லோருக்கும் மருந்து.

இப்போது 15 ஆம் தேதிக் குறிப்பில் உள்ள அந்த 34.3 ஐத் திரும்பிப் பாருங்கள். வெற்று ஊசி போட்டவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு அழற்சி நீங்கியிருக்கிறது. ஆய்வில் சேர்ந்ததும் மனிதர் உஷாராகிறார். கொஞ்சம் நடக்கிறார், குடியைக் குறைக்கிறார். கல்லீரல் துணுக்கும் எடுத்த இடத்தைப் பொறுத்து மாறும். மாற்றுக் குழு இல்லாத கொழுப்புக் கல்லீரல் ஆய்வை நான் ஆர்வத்தோடு படிப்பேன், ஆனால் பணப்பையைத் திறக்க மாட்டேன்.

என் கதையும் இதேதான். டப்பா இருந்த காலத்தில் என் ஏஎல்டி குறைந்தது. அதே காலத்தில் இனிப்புப் பானத்தை விட்டேன், மாலையில் நடக்கத் தொடங்கினேன். எதற்குப் பாராட்டுப் பத்திரம் கொடுப்பது? நண்பர் இன்றுவரை டப்பாவுக்குத்தான் என்கிறார். வாதாடி நட்பைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

2 அக்டோபர்

அளவுக் கணக்கு கேட்டிருந்தார்கள். சுண்டெலிக்குக் கிலோவுக்கு 500 மில்லிகிராம் என்றால் மனிதருக்கும் அதே என்று பெருக்கிவிடாதீர்கள். உடல் பரப்பைக் கொண்டு மாற்றும் வழக்கப்படி சுண்டெலி அளவை 12.3 ஆல் வகுக்க வேண்டும். கிலோவுக்குச் சுமார் 40 மில்லிகிராம் வரும்; 70 கிலோ மனிதருக்கு 2.8 கிராம். குடிக்கக்கூடிய அளவுதான். ஆனால் எலி ஆய்வில் போனது தூய்மையாகத் தயாரித்த ஒரே பெப்டைடு. டப்பாவில் இருப்பது நூற்றுக்கணக்கான துண்டுகளின் கலவை. அதில் நமக்கு வேண்டியவர் எத்தனை மில்லிகிராம் என்று எந்தப் பட்டியலிலும் அச்சிடுவதில்லை.

5 அக்டோபர்

இழை எங்கெங்கோ போகிறது, பரவாயில்லை. ‘ஸ்கேனில் முதல் நிலைக் கொழுப்புதான், அப்படியானால் பயமில்லையே?’ என்ற கேள்விக்கு: வயிற்று ஸ்கேன் கொழுப்பைக் காட்டும், தழும்பை ஒழுங்காகக் காட்டாது. உயிருக்கு உலை வைப்பது தழும்புதான். ஃபிப்-4 என்று ஒரு கணக்கு இருக்கிறது, சாதாரண இரத்தப் பரிசோதனை போதும். வயதை ஏஎஸ்டியால் (ஏஎல்டி போன்ற இன்னொரு நொதி அளவு) பெருக்குங்கள். அதை, தட்டணுக்களின் எண்ணிக்கையை (ஆயிரத்தில்) ஏஎல்டியின் வர்க்கமூலத்தால் பெருக்கி வருவதால் வகுங்கள். வயது 48, ஏஎஸ்டி 40, ஏஎல்டி 64, தட்டணு 200 என்றால் 1920 ஐ 1600 ஆல் வகுக்க 1.2. 1.3 க்குக் கீழே என்றால் முற்றிய தழும்புக்கு வாய்ப்பு குறைவு. 2.67 க்கு மேலே என்றால் தள்ளிப்போடாமல் கல்லீரல் மருத்துவரைப் பாருங்கள். நடுவில் என்றால் கல்லீரல் விறைப்பை அளக்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லை 2.

ஏஎல்டி சரியாக இருக்கிறது என்று துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். அது சரியாக இருந்தே தழும்பு வளர்ந்தவர்கள் உண்டு.

9 அக்டோபர்

ஒல்லியாக இருந்தும் கொழுப்பு வந்திருக்கிறது என்பவருக்கு: வரும். 2008 இல் அடையாளம் கண்ட பிஎன்பிஎல்ஏ3 மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குப் பருமன் இல்லாமலே கல்லீரலில் கொழுப்பு தங்கக்கூடும். அவரிடம் போய் ‘எடையைக் குறை’ என்றால் அவர் எங்கே போவார் என்பது நியாயமான கேள்வி. ஆனால் அவரைச் சாட்சிக்கு அழைத்து, பருமனாக இருக்கும் நாம் தப்பிக்க முடியாது.

எடைக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 2015 இல் வெளியான ஓர் ஆய்வில், அழற்சியுள்ள கொழுப்புக் கல்லீரலோடு இருந்த 293 பேரை 52 வாரம் உணவும் நடையுமாகக் கொண்டுபோனார்கள். எடையில் 10 சதவீதமோ அதற்கு மேலோ இழந்தவர்களில் 90 சதவீதத்தினருக்கு அழற்சி நீங்கியது, 45 சதவீதத்தினருக்குத் தழும்பே பின்வாங்கியது. மருத்துவர் பாடும் பாட்டுக்கு மெட்டு இங்கிருந்துதான். அந்த 10 சதவீதத்தை எட்டியவர்கள் பத்தில் ஒருவர்தான் என்பதையும் அவர் பாடியிருக்கலாம், பாடுவதில்லை.

14 அக்டோபர்

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார்: ‘எந்த ஆய்வு வந்தால் நீங்கள் ஒப்புக்கொள்வீர்கள்?’

சொல்கிறேன். கொழுப்புக் கல்லீரல் உள்ள மனிதர்கள், மூன்று குழு. ஒன்றுக்குப் பெப்டைடு, இன்னொன்றுக்கு அதே மூலப் புரதம், வெட்டாமல், அதே கிராம், மூன்றாவதற்கு அதே கலோரியில் வேறு ஏதாவது. கசப்பை மறைத்து மூன்றையும் ஒரே சுவையாக்க வேண்டும், இல்லாவிட்டால் யார் எதைக் குடிக்கிறோம் என்று முதல் மடக்கிலேயே தெரிந்துவிடும். கல்லீரல் கொழுப்பை எம்ஆர்ஐ மூலம் அளக்க வேண்டும். பெப்டைடு குழுவில் அது தொடக்க அளவிலிருந்து 30 சதவீதமாவது குறைந்து, வெட்டாத புரதக் குழுவை அது தெளிவாக முந்த வேண்டும். எடை இழப்பு மூன்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால் இங்கே போடுங்கள், வரிக்கு வரி படிக்கிறேன்.

14 அக்டோபர், சற்றுப் பிறகு

விட்டுப்போனது: சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைத் தாமாகக் கூட்ட வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள். கல்லீரல் சுருங்கிவிட்டவர்கள் பயந்து புரதத்தைக் குறைப்பதும் தவறு. அவர்களுக்கு இன்றைய பரிந்துரை, தினம் உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை.